இன்ஜினைத் தாங்குவது இரும்பு அல்ல, ஆயில்

"அந்தக் காலத்து இன்ஜின் மாதிரி இப்போது எதுவும் வருவதில்லை. மூன்றே சிலிண்டர், அதற்கு ஒரு டர்போ, போதாக்குறைக்குத் தண்ணீர் மாதிரி ஓர் ஆயில். இதெல்லாம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் ஆயில் தண்ணீராக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, பயப்பட வேண்டிய இடம் வேறு.

பெட்ரோல் எரிகிறது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, கனெக்டிங் ராடு கிராங்க்‌ஷாஃப்டைச் சுழற்றுகிறது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். எவ்வளவு விசை என்று மட்டும் பாருங்கள். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் மேல் எரியும் வாயு 60 பார் அழுத்தம் (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 60 மடங்கு) கொடுத்தால், இறங்கும் சுமை இரண்டரை டன்னுக்கு மேல். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 தடவை இந்த அடி விழுகிறது. அதை வாங்குவது ராடின் அடியில் இருக்கும் பேரிங், அதாவது இரண்டு அரைவட்டத் தகடுகள். உள்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், கத்தி முனை பட்டாலே கீறல் விழும். அது தேய்ந்தால் அடியில் இருக்கும் செம்பு நிறம் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் நன்றாகப் பராமரித்த இன்ஜினைப் பல வருடம் ஓடியபின் பிரித்தால்கூட அந்தச் சாம்பல் பூச்சு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது! இத்தனை அடி வாங்கியும் எப்படி?

இதற்கான விடை ரயில் வண்டியிலிருந்து வந்தது. பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் சங்கம், ரயில் அச்சு பேரிங்கில் உராய்வு எவ்வளவு என்று அளந்து பார்க்கும் வேலையை பீச்சம் டவர் என்ற பொறியாளரிடம் கொடுத்தது. அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் நனைந்தபடி சுழலும், பேரிங் மேலே உட்கார்ந்திருக்கும். எண்ணெய் விடுவதற்காக டவர் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழலவிட்டதும் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், நிற்கவில்லை. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் மெல்ல வெளியே தள்ளிவிட்டது. கடைசியில் அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியை மாட்டினார். பேரிங் மேல் இருந்த சராசரி சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, மானியின் முள்ளோ 200ஐத் தாண்டிப் போனது. 1883இல் இதை அறிக்கையாகக் கொடுத்தார். ஆக, பேரிங் அச்சின் உலோகத்தின் மேல் உட்காரவே இல்லை, எண்ணெயின் மேல் மிதந்துகொண்டிருந்தது.

ஏன் மிதக்கிறது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சுழலும் தண்டு, அது ரயில் அச்சோ இன்ஜினின் கிராங்க்ஷாஃப்டோ, பேரிங்கின் நட்டநடுவில் இருக்காது, சற்றே ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதனால் இடையில் உள்ள சந்து ஒரு பக்கம் அகலமாகவும் போகப்போகக் குறுகலாகவும், ஆப்பு வடிவத்தில் அமைகிறது. சுழலும் தண்டு தன் மேல் ஒட்டிய எண்ணெயை அந்தக் குறுகலுக்குள் இழுத்துக்கொண்டே போகிறது. எண்ணெயை எளிதில் அமுக்க முடியாது, கெட்டியாக இருப்பதால் சட்டென்று விலகி ஓடவும் முடியாது. அழுத்தம் ஏறி, தண்டையே தூக்கிவிடுகிறது. இன்ஜினின் ஆயில் பம்ப் கொடுப்பது சில பார் மட்டுமே, இந்த எண்ணெய்ப் படலத்துக்குள் எழுவதோ பல நூறு பார். பம்பின் வேலை எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பது, தாங்குவது தண்டின் சுழற்சி. அதிலும் சுமை கூடினால் தண்டு இன்னும் நெருங்கும், நெருங்கினால் சந்து குறுகும், குறுகினால் அழுத்தம் இன்னும் ஏறும். யாரும் கட்டுப்படுத்தாமலே, சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு) தடிமனில் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது இந்தப் படலம். மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் டயர் தரையை விட்டு எழும்பி வழுக்குவதும் ஏறத்தாழ இதே மாதிரிதான்.

எண்ணெய் போட்ட அச்சில் உராய்வு எவ்வளவு என்ற கேள்வியில் என்ன பெருமை இருக்கிறது? இன்று இதற்கு நிதி கேட்டால் கொடுப்பார்களா என்பது சந்தேகம்தான். 1966இல் பிரிட்டனில் வந்த ஜோஸ்ட் அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் சரியாகக் கையாண்டாலே அந்நாட்டுத் தொழில்துறை ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்றது. சுவாரசியமில்லாத கேள்விகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சரி, தண்ணீர் மாதிரி ஆயிலுக்கு வருவோம். படலத்தின் தடிமனை வேகம், பாகுத்தன்மை (ஆயில் எவ்வளவு கெட்டி என்பது), சுமை மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வேகம் இல்லையென்றால் படலமே இல்லை, அதனால்தான் ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகள் பேரிங்குக்குக் கஷ்டமானவை. 100 டிகிரியில் 20 கிரேடு ஆயில், 50 கிரேடு ஆயிலில் பாதியளவுகூடக் கெட்டியாக இருக்காது. படலம் மெலியும், உண்மைதான். அதற்கேற்றபடிதான் தண்டின் மேற்பரப்பை இன்னும் வழவழப்பாகத் தேய்க்கிறார்கள், சிக்னலில் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் இன்ஜின்களில் பேரிங்குக்கு பாலிமர் பூச்சும் கொடுக்கிறார்கள். கெட்டி ஆயில் ஊற்றினால் இன்ஜின் பலமாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. குளிரில் அது மெதுவாகத்தான் போய்ச் சேரும்.

பழைய இன்ஜின்களும் நாம் நினைப்பது போலச் சாகாவரம் பெற்றவை அல்ல. சோக் இழுத்து ஓட்டினால் அதிகப்படி பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், ஸ்பார்க்குக்கான பாயின்டை அடிக்கடி சரிசெய்ய வேண்டும், ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். பாதியில் போன இன்ஜின்கள் இரும்புக் கடைக்குப் போய்விட்டன, இன்று ஓடுபவை மட்டும் நம் கண்ணில் படுகின்றன. ஆனால் அன்றைய உரிமையாளர் அடிக்கடி பானட்டைத் திறந்தார், சத்தம் மாறினால் கவனித்தார். இப்போது விளக்கு எரியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். வாசகர் சொன்னதில் நியாயமான பாதி இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் புது இன்ஜின் அலட்சியத்தை அவ்வளவு மன்னிக்காது. இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டி, பெரும்பாலும் இதே எண்ணெய்ப் படலத்தில்தான் மிதக்கிறது, அதுவும் கொதிக்கும் சூட்டில். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜினைத் தினமும் சூடாகும் முன்பே அணைத்தால், பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட்டே ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. தவறான ஆயிலோ பழைய ஆயிலோ இருந்தால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள்கள் பம்பின் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். அப்புறம் படலத்துக்கு எண்ணெய் எங்கிருந்து வரும்?

ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போய், அதையே செலவு குறைவு என்று விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டிக்கு, கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கு என்று தனியாகப் போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள், அதுதான் உங்களுக்குப் பொருந்தும். கிரேடும் கையேட்டில் உள்ளதுதான். ஆயில் பிரஷர் காட்டும் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் பார்க்காதீர்கள், பத்திரமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி உடனே அணைத்துவிடுங்கள்.