ஷவர் சுவருக்கு வாளிப் பசை வேண்டாம்

சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு. ஷவர் சுவரில் இரண்டு டைல் உப்பியிருக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். காசால் தட்டிப் பார்த்தேன், வெற்றுச் சத்தம். ஓரத்தில் கரணையை விட்டதும் டைல் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பின்புறம் கடையில் வாங்கியபோது இருந்தது போலச் சுத்தம். சுவரில் பல் கரணை இழுத்த பசை வரிகள் அப்படியே நின்றன. விரலால் அழுத்தினால், நடுவில் பிசைந்த மாவு மாதிரி குழைந்தது. ஒட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது.

"பசை வாளிமேல் 'தண்ணீர் தாங்கும்' என்று போட்டிருந்ததே, தம்பி" என்றார் வீட்டு அக்கா.

போட்டிருந்தது உண்மைதான். ஆனால் வாளியில் கலந்தே வரும் பசை, ஈரம் வெளியேறினால்தான் இறுகும். இங்கே பின்னால் வாட்டர்புரூஃபிங் பூச்சு. முன்னால் போர்சலின் டைல், அது 0.5 சதவீதத் தண்ணீரைக்கூட உறிஞ்சாது. ஈரம் எந்த வழியாகப் போகும்? டைல் இடுக்கு வழியாக மட்டும்தான். பெரிய டைலின் நடுப்பகுதி மாதக்கணக்கில் காயாமல் கிடக்கும். அதற்குள் தினமும் குளியல் வேறு. சமையலறைச் சுவரில் சின்ன செராமிக் டைல் ஒட்ட அந்தப் பசை போதும். ஷவருக்கு நான் அதைத் தொடுவதே இல்லை.

மூட்டையில் வரும் சிமெண்ட் பசை தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. காற்றுப் புகாத இடத்திலும் கெட்டியாகும். மூட்டையில் சி1, சி2 என்று அச்சிட்டிருப்பார்கள். சி1 சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும், சி2 1 நியூட்டன். தண்ணீரில் ஊறிய பிறகும் அதே அளவு தாங்க வேண்டும். போர்சலின் என்றால் சி2தான். பழைய டைல்மேலேயே புது டைல் ஒட்டுவதென்றாலும் அதுதான். பலகைச் சுவர், பெரிய டைல் என்றால் எஸ்1 என்ற குறியும் இருக்கட்டும். கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

சரி, நல்ல பசை வாங்கியாகிவிட்டது. அப்புறமும் கெடுவது கை அவசரத்தால். சுவரில் தடவி இருபது நிமிடம் போனால் பல பசைகளில் மேலே ஏடு படிந்துவிடும். காற்றாடி ஓடினால் இன்னும் சீக்கிரம். ஏட்டின்மேல் டைல் பிடிக்காது. டைலின் பின்புறமும் மெல்லியதாகப் பூசி, அழுத்தி அசைத்து, வரிகள் நசுங்கும்படி வைக்க வேண்டும். முதல் நாளே, பசை ஈரமாக இருக்கும்போது, ஒரு டைலைப் பெயர்த்து, பின்புறம் முழுக்கப் பசை பிடித்திருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி கோபப்பட மாட்டார்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். சாதாரண டைல் பசை வாட்டர்புரூஃபிங் ஆகாது. அந்தப் பூச்சு கெட்டால் கீழ்வீட்டுக் கூரையில் கறை விழும். வீவக வீட்டில் அந்தப் பழுது மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் இருவர் பொறுப்பிலும் வரும். புது வீடென்றால் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறை டைலைப் பெயர்க்கவே அனுமதியில்லை.

அந்த அக்கா வீட்டில் வேலை இரண்டு டைலோடு நிற்கவில்லை. தட்டத் தட்ட எல்லாமே வெற்றுச் சத்தம். பெயர்க்கும்போது பூச்சும் சேர்ந்து கிழிந்து வந்தது, சுவரை முதலிலிருந்து செய்தோம்.