ஒர்க்ஸ்டேஷன்: பணிநிலையமா, பணிக்கணினியா?

ஒர்க்ஸ்டேஷன் என்பது இன்று ஒரு வகைக் கணினியின் பெயர், ஆனால் அந்தச் சொல்லுக்குள் கணினி கிடையாது. வேலை இருக்கிறது, அதைச் செய்யும் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். தொழிற்சாலையில் ஒரு பொருள் கட்டம் கட்டமாக நகர்ந்து வரும்போது, ஒரு தொழிலாளி தன் பங்கை முடித்து அடுத்தவருக்கு அனுப்புகிற இடத்துக்குப் பெயர் அது. தொழிற்சாலைப் பொறியாளர்கள் இன்றும் அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள்.

கணினித் துறைக்கு வந்த பிறகும் அது உடனே ஒரு முழுக் கணினியைக் குறித்துவிடவில்லை. 1977இல் வந்த ஐபிஎம் சிஸ்டம்/34 போன்றவற்றில் கணினி ஓரிடத்தில் இருக்கும். ஆட்கள் தங்கள் மேசையில் ஒரு திரையையும் விசைப்பலகையையும் வைத்துக்கொண்டு அதோடு பேசுவார்கள். அந்த மேசை முனையத்தைத்தான் ஐபிஎம் ஒர்க்ஸ்டேஷன் என்றது. வேலையைச் செய்வது வேறெங்கோ இருக்கும் பெட்டி. பின்னாளில் இந்தச் சொல் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இது கிட்டத்தட்ட நேர் எதிர்.

ஒரு முழுக் கணினி, ஒரே ஆளுக்கு, அவர் மேசையிலேயே: இந்த எண்ணத்துக்கு முன்னோடி ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1973இல் உருவான ஆல்டோ. அது கடைச்சரக்காக வரவே இல்லை. 1980களின் தொடக்கத்தில் அப்போலோ நிறுவனம் தன் டொமைன் கணினிகளை விற்கத் தொடங்கியது. 1982இல் சன் நிறுவனத்தின் சன்-1 வந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஆண்டி பெக்டோல்ஷைம் வடிவமைத்தது அது. ‘சன்’ என்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தமில்லை, ஸ்டான்ஃபோர்ட் யூனிவர்சிட்டி நெட்வொர்க் என்பதன் முதலெழுத்துகள்தான் அவை.

எதை ஒர்க்ஸ்டேஷன் என்று சொல்லலாம் என்பதற்கு அப்போது ஓர் அளவுகோலும் இருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராஜ் ரெட்டியும் உடன் பணியாற்றியவர்களும் வைத்த இலக்கு அது. ஒரு மெகாபைட் நினைவகம், பத்து லட்சம் புள்ளிகள் கொண்ட திரை, நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகள். மூன்றிலும் பத்து லட்சத்தைக் குறிக்கும் ‘மெகா’ வருவதால் 3எம் கணினி என்றார்கள். விலையும் பத்து லட்சம் சென்ட், அதாவது 10,000 டாலருக்குள் இருக்க வேண்டும் என்று நான்காவதாக ஒரு ‘எம்’ சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. இன்றைக்கு ஒரு மெகாபைட்டில் ஒரு நல்ல புகைப்படம்கூட அடங்காது. ஆனால் அன்றைய வீட்டுக் கணினிகளில் நினைவகத்தைக் கிலோபைட்டில்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சரி, அந்த அளவுகோல் இப்போது எங்கே? காலாவதியாகிவிட்டது. 1990களின் பிற்பகுதியில் சாதாரண பிசிக்களே வேகத்தில் எட்டிப்பிடித்துவிட்டன. ஒர்க்ஸ்டேஷன் செய்துவந்த டெக் நிறுவனம் 1998இல் காம்பேக் என்ற பிசி நிறுவனத்திடம் போனது. இன்னொரு தயாரிப்பாளரான எஸ்ஜிஐ, மிப்ஸ் வகைச் செயலி கொண்ட தன் கணினிகளின் உற்பத்தியை 2006 இறுதியோடு நிறுத்தியது. சன்னை 2010இல் ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்று கடையில் ஒர்க்ஸ்டேஷன் என்று விற்பது பெரும்பாலும் உயர்ரக பிசிதான், உள்ளே தனி இனம் எதுவும் இல்லை.

பழைய கணினி சேகரிப்பவர்களிடம்தான் இந்தச் சொல் இன்னும் பழைய கூர்மையோடு இருக்கிறது. அவர்கள் ஒர்க்ஸ்டேஷன் என்றால் சன்னின் ஸ்பார்க்ஸ்டேஷன், எஸ்ஜிஐ இண்டி, டெக்ஸ்டேஷன், ஹெச்பி 9000, நெக்ஸ்ட் கியூப் போன்றவற்றைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் இன்டெல் அல்லாத செயலி, அந்த நிறுவனமே தந்த யூனிக்ஸ் இயங்குதளம், ஸ்கஸி என்ற பழைய இணைப்பு வகை வட்டு, சாதாரண மானிட்டரில் செருக முடியாத 13டபிள்யூ3 மாதிரியான ஏதாவது ஒரு விசித்திரச் செருகி. வீட்டில் ஓட்டுவது என்றால் இவை ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்டுவது என்று பொருள். பழைய வட்டுக்குப் பதிலாக எஸ்டி கார்டைச் செருகும் ப்ளூஸ்கஸி போன்ற பலகைகள் வந்த பிறகு வட்டுத் தொல்லை மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஒரு ஸ்பார்க்ஸ்டேஷன் 20ஐ ரொம்ப நாள் கழித்து மின்சாரம் கொடுத்து எழுப்பினால் அநேகமாக முதலில் வருவது, அடையாளத் தகவல் செல்லாது என்ற செய்தி. உள்ளே எம்48டி08 என்ற சில்லு இருக்கிறது. கடிகாரம், அமைப்புகள், வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் ஈத்தர்நெட் முகவரி எல்லாம் அதில்தான். அதற்கான மின்கலமும் அதே சில்லின் முதுகிலேயே பிசினுக்குள் புதைந்திருக்கும். மின்கலத்துக்குப் பத்தாண்டு ஆயுள் என்று வைத்தாலும் எப்போதோ தீர்ந்திருக்கும். சிலர் புதுச் சில்லு போடுகிறார்கள். சிலர் பிசினைக் கவனமாக அராவி, உள்ளிருக்கும் முனைகளை வெளியே எடுத்து, ஒரு நாணய மின்கலத்தைப் பற்றவைக்கிறார்கள். அப்புறம் ‘ஓகே’ என்று காட்டிக் கட்டளைக்குக் காத்திருக்கும் திரையில் முகவரியைக் கையால் தட்ட வேண்டும். சன் முகவரிகள் 8:0:20 என்று தொடங்கும். மிச்சம் நினைவில்லாதவர்கள் சி0, எஃப்எஃப், இஇ (c0 ff ee) என்று போட்டுக்கொள்வது வழக்கம். சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் காபி.

இனி தமிழுக்கு வருவோம். கலைச்சொல்லாகப் பரவலாக இருப்பது பணிநிலையம். பிழையில்லாத ஆக்கம். ஸ்டேஷன் என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லின் வேர் ‘நிற்பது’. தமிழில் ‘நிலை’யும் ‘நில்’லிலிருந்து வந்ததுதான். இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் மொழிபெயர்ப்பு கலைச்சொற்களில் அடிக்கடி கிடைப்பதில்லை.

சிக்கல் காதில் விழும்போது வருகிறது. பேருந்து நிலையம், காவல் நிலையம், ஆராய்ச்சி நிலையம் என்று கேட்டுப் பழகியவருக்கு நிலையம் என்றால் கட்டடம். “மூன்று பணிநிலையங்கள் வைத்திருக்கிறார்” என்று எழுதினால் யாரோ மூன்று அலுவலகம் நடத்துகிறார் என்று தோன்றும். பணிக்கணினி என்று சுருக்கிவிடலாமே என்றால், அது அலுவலகத்தில் கொடுக்கும் எந்த மடிக்கணினிக்கும் பொருந்திவிடும். அதனால் கட்டுரையில் முதல் இடத்தில் பணிநிலையக் கணினி என்று முழுசாக எழுதிவிட்டு, பிறகு பணிநிலையம் என்று சுருக்கிக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஸ்பார்க்ஸ்டேஷன் போன்ற பெயர்களை மொழிபெயர்க்கவே வேண்டாம். அவை ஆள்பெயர் மாதிரி.

சேகரிப்பவர்கள் ஒர்க்ஸ்டேஷனுக்கு முன்னால் ஒட்டும் ‘வின்டேஜ்’ இன்னும் வேடிக்கை. லத்தீனில் திராட்சை அறுவடையைக் குறித்த சொல், ஒரு குறிப்பிட்ட ஆண்டின் மதுவைக் குறித்து, பிறகு பழைய கார்களுக்குப் போய், கடைசியில் கணினிக்கு வந்தது. கார்க்காரர்கள் 1919 முதல் 1930 வரை என்று கறாராக எல்லை போட்டிருக்கிறார்கள், கணினிக்கு அப்படி எதுவும் இல்லை. தமிழில் ‘பழைய’ என்றால் காயலான் கடை வாசம் அடிக்கிறது, ‘தொன்மையான’ என்றால் கல்வெட்டு அளவுக்குப் போய்விடுகிறது. பழங்கதை, பழந்தமிழ் போலப் பழங்கணினி என்று சொல்லலாம். அவசரமாகப் படித்தால் பழத்தில் செய்த கணினி என்று தோன்றலாம். திராட்சையில் பிறந்த சொல்லுக்கு அதுவும் பொருத்தம்தான். பணிநிலையத்தோடு சேர்க்கும்போது மட்டும் பழங்காலப் பணிநிலையம் என்று கொஞ்சம் நீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சேகரிப்பில் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு சொல் சர்வர், அதாவது பிற கணினிகளுக்குச் சேவை செய்யும் கணினி. கணினிக்கு முன்பே, ஆட்கள் காத்திருக்கும் வரிசைகளைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டுக் கணிதத்தில் இருந்த சொல், 1969இலேயே இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் ஆவணங்களில் வந்துவிட்டது. சேவையகம், வழங்கி இரண்டும் தமிழில் புழங்குகின்றன. சேவையகத்திலும் அதே கட்டட வாடை அடிக்கிறது. கணினி, உலாவி, செயலி என்ற வரிசையில் இயல்பாக உட்கார்வது வழங்கிதான், என் ஓட்டு அதற்கே.

பணிநிலையம் வேறு, வழங்கி வேறு என்று பெயரை வைத்து மட்டும் முடிவுகட்டிவிட முடியாது. சன் தன் ஸ்பார்க்ஸ்டேஷன் 20ஐயே ஸ்பார்க்சர்வர் 20 என்றும் விற்றது. எஸ்ஜிஐயின் சேலஞ்ச் எஸ் என்பது திரைக்கான வரைகலை இல்லாத இண்டி. அந்த சன் பெட்டியில் விசைப்பலகையைக் கழற்றிவிட்டு இயக்கினால், அது திரையைத் தேடாமல், தன் செய்திகளைத் தொடர் துறை (சீரியல் போர்ட்) வழியாக 9600 பாட் வேகத்தில் அனுப்பத் தொடங்கிவிடும்.