கேரட் ஜூஸும் சிகரெட் பாக்கெட்டும்

போன வாரம் வந்த பெரியவருக்கு 71 வயது. வலது கண்ணால் பார்த்தால் எதிரே இருப்பவரின் தோள் தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகத் திட்டு. “புரைதானே டாக்டர், ஆபரேஷன் பண்ணிடுங்க” என்றார். புரை இல்லை. வயதாவதால் வரும் மாக்குலா சிதைவு நோய். விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலா கெட்டுத் தழும்பாகிவிட்டது. எந்த ஆபரேஷனும் அதைத் திருப்பித் தராது. “மூணு வருஷமா தினமும் கேரட் ஜூஸ் போட்டுக் கொடுக்கறேனே” என்று அவர் மனைவி அழுதார். பெரியவரின் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட். இந்த மாதம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

எத்தனை முறை சொல்வது? கேரட்டின் பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். அது குறைந்தவருக்கு மாலைக்கண் வரும், அவருக்குக் கேரட் உதவும். குறையே இல்லாதவர் தினமும் சொம்பு சொம்பாகக் குடித்தாலும் மாக்குலா தப்பாது. பீட்டா கரோட்டினை மாத்திரையாக விழுங்கினால் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. அதனால்தான் 2013இல் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு கண் மாத்திரைகளில் அதற்குப் பதில் மாக்குலாவில் இருக்கும் மஞ்சள் நிறமிகளான லூட்டீனை 10 மில்லிகிராமும் ஸியாசாந்தினை 2 மில்லிகிராமும் சேர்க்கிறோம். அந்த மாத்திரையும் நோய் நடுத்தர நிலைக்கு வந்தவர்களுக்குத்தான். நன்றாக இருக்கும் கண்ணில் நோய் வராமல் அது தடுக்காது. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

லூட்டீன் முருங்கைக்கீரையிலும் பசலையிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இருக்கிறது. கொழுப்பில் கரைவது என்பதால் கீரையை ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பொரியலாகச் சாப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கீரையைத் திடீரென்று கூட்ட வேண்டாம். வாரம் இரண்டு நாள் மீன், தினமும் நடை, பிரஷர் கட்டுக்குள். இவ்வளவும் செய்துவிட்டுப் புகைத்தால் பயன் குறைவு. புகைப்பவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. சிகரெட்டோ பீடியோ, தயவுசெய்து இன்றே விடுங்கள்.

அந்தப் பெரியவரின் இடது கண் நன்றாக இருந்ததால் வலது கண் போனதே அவருக்குத் தெரியவில்லை. 50 தாண்டியவர்கள் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பிறகு அடுத்த கண். கம்பி வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள், உடனே வாருங்கள். ரத்தக்குழாய் கசியும் வகையாக இருந்தால், தழும்பாவதற்கு முன் கண்ணுக்குள் ஊசி போட்டு மிச்சப் பார்வையைக் காப்பாற்ற வழியிருக்கிறது.