ஸ்டேக்கிங் வருமானம் யாருடைய பையிலிருந்து வருகிறது?

கிரிப்டோ நாணயங்களை, அதாவது டோக்கன்களை, வைத்திருக்கும் வாலட் செயலியில் 'ஸ்டேக்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு விட்டுவிடுகிறோம். சில நாள் கழித்துப் பார்த்தால் டோக்கன் கொஞ்சம் கூடியிருக்கிறது. வங்கி வட்டி மாதிரிதானே என்று தோன்றும். வங்கி நம் பணத்தை இன்னொருவருக்குக் கடனாகக் கொடுத்து, அவர் கட்டும் வட்டியில் கொஞ்சத்தை நமக்குத் தருகிறது. இங்கே கடன் வாங்கியவர் என்று ஒருவரும் இல்லை. அப்புறம் இந்தக் கூடுதல் டோக்கனைத் தருவது யார்?

பிளாக்செயினை ஊரெல்லாம் நகல் வைத்திருக்கும் ஒரு கணக்குப் பேரேடு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் அடுத்த பக்கத்தை, அதாவது அடுத்த பிளாக்கை, யார் எழுதுவது என்பதுதான் சிக்கல். பிட்காயினில் கணினிகள் மின்சாரத்தைக் கொட்டிப் போட்டி போட்டு அந்த உரிமையை வெல்கின்றன. ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் முறையில் மின்சாரத்துக்குப் பதிலாக டோக்கனை ஈடு வைக்கிறார்கள், அதுதான் ஸ்டேக்கிங். 2012-ல் வந்த பியர்காயினில் இந்த யோசனை நடைமுறைக்கு வந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற பிளாக்செயின் இதற்கு மாறியபோது அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோனது.

ஈடு வைத்தவர்களுக்கு இடையே கணினியே ஒரு குலுக்கல் நடத்துகிறது. ஈடு எவ்வளவு அதிகமோ, பெயர் விழும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். பெயர் விழுந்தவர் காத்திருக்கும் பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து, பிளாக்காகக் கட்டி வெளியிட்டுப் பரிசைப் பெறுகிறார். எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒருவர் முறை. கார்டானோவில் சராசரியாக 20 விநாடிக்கு ஒரு பிளாக். தன் முறை வரும் நேரத்தில் சர்வர் தூங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பரிசு போனதுதான். இந்த வேலையைச் செய்பவருக்கு ஒவ்வொரு பிளாக்செயினிலும் ஒரு பெயர். எத்தீரியத்தில் வேலிடேட்டர், மினாவில் பிளாக் புரொடியூசர். டெசோஸில் பேக்கர், அதாவது ரொட்டி சுடுபவர்! ஏன் இப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

எல்லோராலும் இரவும் பகலும் சர்வரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் டெலிகேஷன். நம் டோக்கனின் எடையை மட்டும் ஒரு பிளாக் தயாரிப்பாளரின் பெயரில் சேர்த்துவிடுகிறோம். குலுக்கலில் அவருக்குச் சீட்டுகள் கூடுகின்றன. கார்டானோவிலும் மினாவிலும் டோக்கன் நம் வாலட்டைவிட்டு நகர்வதே இல்லை. எத்தீரியத்தின் அடிப்படை விதிகளில் டெலிகேஷன் கிடையாது. வேலிடேட்டராக அதன் டோக்கனான ஈத்தர் 32 வேண்டும். அவ்வளவு இல்லாதவர்கள் பலருடைய ஈத்தரைத் திரட்டும் சேவைகளில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக நினைப்பது ஆபத்து, ஏனென்றால் இந்தச் சேவைகளில் காசு கைமாறிவிடுகிறது.

சரி, பரிசு எப்படிப் பிரிகிறது? கார்டானோவில் ஒரு பூல், அதாவது பலருடைய ஈட்டைச் சேர்த்து நடத்தும் பிளாக் தயாரிப்பாளர், 5 நாள் கொண்ட ஓர் எபோக்கில் (கணக்குச் சுற்றில்) 1000 அடா (கார்டானோவின் டோக்கன்) சம்பாதித்தது என்று வைப்போம். பூல் நடத்துபவர் 170 அடா நிலையான கட்டணமும் 2 சதவீத கமிஷனும் வைத்திருந்தால், முதலில் 170 போகும். மிச்சம் 830-ல் 2 சதவீதம், அதாவது 16.6, அவருக்கே. மீதி 813.4 அடா, அவருடைய சொந்த ஈட்டையும் சேர்த்து, எல்லோருக்கும் அவரவர் பங்குப்படி போகிறது. அதே பூல் 500 மட்டும் சம்பாதித்திருந்தால்? அந்த 170 மட்டுமே மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்த்து பூலைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது.

கார்டானோவில் இந்தப் பிரிப்பைப் பிளாக்செயினே செய்துவிடுகிறது. மினாவில் அப்படி இல்லை. முழுப் பரிசும் தயாரிப்பாளர் குறிப்பிடும் கணக்குக்கே போகும். டெலிகேட்டர்களுக்குப் பங்கு கொடுப்பது அவருடைய வாக்கு. வாக்குத் தவறினால் கேட்க பிளாக்செயின் வராது.

குலுக்கல் என்பதால் அதிர்ஷ்டமும் உண்டு. கார்டானோவின் ஓர் எபோக்கில் ஏறக்குறைய 21,600 பிளாக்குகள். மொத்த ஈட்டில் 21,600-ல் ஒரு பங்கு வைத்திருக்கும் பூலுக்குச் சராசரியாக ஓர் எபோக்குக்கு ஒரு பிளாக் கிடைக்க வேண்டும். ஆனால் கிட்டத்தட்ட 37 சதவீத எபோக்குகளில் ஒன்றுகூடக் கிடைக்காது. சிலவற்றில் இரண்டு, மூன்று விழும். நீண்ட காலத்தில் கணக்கு சராசரிக்கு வந்துவிடும், ஆனால் பொறுமை வேண்டும். புதிதாக டெலிகேட் செய்தவருக்கோ முதல் பரிசு வரவே 15 முதல் 20 நாள் ஆகும், அவர் சேர்ந்த எபோக்கின் முடிவில் எடுக்கும் கணக்கு இரண்டு எபோக் தள்ளித்தான் குலுக்கலுக்கு வருகிறது.

எல்லா இடத்திலும் லாபம் மட்டுமே பங்காகாது. காஸ்மாஸ் ஹப் என்ற பிளாக்செயினில் ஒரு வேலிடேட்டர் ஒரே நேரத்தில் இரண்டு முரண்பட்ட பிளாக்குகளுக்குக் கையெழுத்திட்டால் ஈட்டில் 5 சதவீதம் பறிபோகும். அவரை நம்பி டெலிகேட் செய்தவர்களின் ஈட்டிலும்தான். ஈட்டை வெளியே எடுக்கவும் 21 நாள் காத்திருக்க வேண்டும்.

இப்போது முதல் கேள்வி. பரிசுக்கு ஊற்று இரண்டு. ஒன்று, பரிவர்த்தனை செய்பவர்கள் கட்டும் கட்டணம். இதுதான் பயன்படுத்துபவர்கள் தரும் உண்மையான காசு. பெரும்பாலான பிளாக்செயின்களில் பெரிய பங்கு இரண்டாவது ஊற்றிலிருந்து வருகிறது: புதிதாக வெளியிடும் டோக்கன். கார்டானோ இன்னும் வெளியிடாத தன் கையிருப்பில் ஒவ்வொரு எபோக்கிலும் 0.3 சதவீதத்தைத் திறந்துவிடுகிறது. கையிருப்பு கரையக் கரைய அந்தப் பரிசும் சுருங்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு. மொத்தம் 1000 டோக்கன். அதில் 600 ஈட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு 60 புதிய டோக்கன் வெளிவந்து, முழுவதும் ஈடு வைத்தவர்களுக்கே போகிறது. செயலி '10 சதவீதம் வருமானம்' என்று காட்டும். பொய்யில்லை, 600-க்கு 60. ஆனால் மொத்தம் 1060 ஆகிவிட்டதே! ஈடு வைத்தவர்கள் கையில் இருந்த 60 சதவீதப் பங்கு சுமார் 62.3 ஆகியிருக்கிறது, உண்மையான வளர்ச்சி 4 சதவீதத்துக்கும் கீழே. ஈடு வைக்காத 400 டோக்கன்காரர்களின் பங்கு 40-லிருந்து சுமார் 37.7-க்கு இறங்கிவிட்டது. பொத்தானை அழுத்தியவர்களுக்குக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். 1000 டோக்கனும் ஈட்டுக்கு வந்துவிட்டால், செயலியில் 6 சதவீதம் என்று வரும். ஆனால் யாருடைய பங்கும் இம்மியளவும் கூடியிருக்காது.