"நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க மேடம்"

போன வாரம் மட்டும் மூன்று பெற்றோர் பிள்ளையை என்னிடம் தெரபிக்கு அழைத்து வந்து இதையே சொன்னார்கள். மூன்றாவதாக வந்த பையனுக்கு 17 வயது. அப்பா பேசி முடிக்கும்வரை கையிலிருந்த டிஷ்யூவைக் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தான். அவர் வெளியே போனதும் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டான். அப்புறம் கேட்டான்: "நீங்களும் அட்வைஸ்தான் பண்ணப் போறீங்களா?"

இல்லை. அட்வைஸ் அவனுக்கு வேண்டிய மட்டும் கிடைத்தாகிவிட்டது. தைரியமாக இரு, மற்ற பிள்ளைகளைப் பார், இந்த வயசுல உனக்கு என்ன கவலை? "பயப்படாதே" என்றதும் நிற்கிற பயமாக இருந்தால் அவன் என்னிடம் வந்திருக்கவே மாட்டான். எழுந்து பேச வேண்டும் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, வயிறு பிசைகிறது. வேண்டுமென்றா செய்கிறான்? தெரபி என்றால் உட்கார வைத்துப் புத்தி சொல்வது என்ற நினைப்பை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

என்னதான் செய்கிறோம்? ஒரு கல்லூரி மாணவி. செமினார் என்றாலே நடுக்கம். "குரல் நடுங்கும், எல்லாரும் சிரிப்பாங்க" என்று நோட்டில் எழுதினாள். எவ்வளவு நம்புகிறாய்? நூற்றுக்கு 90. சரி, படிப்படியாகப் போனோம். முதலில் தோழியிடம் ஒரு சந்தேகம் கேட்பது, பிறகு வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம், பிறகு வகுப்பிலேயே எழுந்து நின்று. செமினார் எடுத்த அன்று அவள் எழுதியது: "குரல் நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்." 90 அன்று 40 ஆனது. நான் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் அந்த 40 வந்திருக்காது; அவளே போய்ப் பார்த்ததால் வந்தது.

இதைத்தான் சி.பி.டி. (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சையிலிருந்து வளர்ந்த முறை. பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள் ஆகும். இரண்டு தடவை வந்துவிட்டு "ஒரு மாற்றமும் தெரியலையே" என்று நிறுத்துபவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

இன்னொன்றும் செய்கிறீர்கள். "பாவம், பயப்படுறா" என்று செமினார் நாளில் லீவ் லெட்டர் எழுதிக் கொடுக்கிறீர்கள். அன்றைக்கு நிம்மதிதான். ஆனால் தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது; அடுத்த தடவை பயம் இன்னும் பெரிதாக வரும். லீவ் ஒன்று இரண்டாகி, இரண்டு ஒரு செமஸ்டரான பிறகு என்னிடம் வருகிறீர்கள்.

"இந்த வயசுல" என்கிறீர்களே, இந்த வயதில்தான் வரும். 2005இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மனநலப் பிரச்சினை வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கியிருந்தது. அப்புறம், ஸ்டிரெஸ், டிப்ரெஷன் இரண்டையும் 'மன அழுத்தம்' என்றே சொல்லிவிடுகிறோம். பரீட்சை முடிந்தால் போய்விடுவது ஒன்று. பரீட்சை முடிந்தும் போகாதது வேறு.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, வகுப்பைத் தவிர்க்க ஆரம்பித்தாலோ அழைத்து வாருங்கள். படபடப்பு இருந்தால் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி காபியை நிறுத்துங்கள். மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால் பக்கத்து வீட்டில் கேட்டு நிறுத்தாதீர்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே வாருங்கள். "அப்படி எண்ணம் வருதா?" என்று நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது.

அறைக்குள் பேசியதை என்னிடம் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நானே சொல்லிவிடுவேன்; இதைப் பிள்ளையிடமும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போகும் வழியில் "என்ன சொன்னே, என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா?" என்று குடையவும் வேண்டாம். பசிக்குதா என்று கேளுங்கள், போதும்.