தெருவின் நடுவில் ஓடும் வார்டு எல்லை

2022 பிப்ரவரி 5. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கான வேட்புமனு பரிசீலனை நாள். வேறொரு வேட்பாளருக்காக ஒரு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார். பத்து வருடமாக மகளிர் சுயஉதவிக் குழு நடத்துபவர், சுயேச்சையாக மனு போட்டிருந்தார். தேர்தல் நடத்தும் அலுவலர் வார்டு வாக்காளர் பட்டியலைப் புரட்டி, பென்சில் முனையால் ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினார். கடைசிப் பக்கம் வரைக்கும் போனார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

“முன்மொழிஞ்சவங்க பேரு இந்த வார்டு லிஸ்ட்ல இல்லையேம்மா.”

“அவங்க என் நாத்தனார் சார். எதிர் வீடுதான்.”

எதிர் வீடுதான். ஆனால் அந்தத் தெருவின் நடுவில்தான் வார்டு எல்லை ஓடுகிறது. இந்த வரிசை வீடுகள் ஒரு வார்டு, அந்த வரிசை வீடுகள் அடுத்த வார்டு. வேட்பாளர் அந்தப் பேரூராட்சியின் எந்த வார்டில் வாக்காளராக இருந்தாலும் போதும், வேறு வார்டில்கூட நிற்கலாம். முன்மொழிபவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் போட்டி நடக்கும் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலமே அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். “ஹைகோர்ட்டுக்குப் போனா சரியாகிடுமா சார்?” என்றுதான் முதலில் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இந்த ஒன்று தெரியாமல் தேர்தலுக்குள் இறங்குகிறவர்கள் ரொம்பப் பேர்.

தேர்தல் நடவடிக்கை தொடங்கிவிட்டால், நடுவில் புகுந்து நீதிமன்றம் அதை நிறுத்துவது மிக அபூர்வம். நகராட்சித் தேர்தல்களைப் பொறுத்தவரை அரசமைப்புச் சட்டத்தின் 243இசட்ஜி பிரிவு இதைச் சொல்கிறது. தேர்தலை எதிர்க்க வேண்டுமானால், அது முடிந்த பிறகு தேர்தல் மனு போட்டுத்தான் எதிர்க்க முடியும். இந்தக் கொள்கையின் வேர் நம் ஊரில்தான் இருக்கிறது. முதல் பொதுத் தேர்தலின்போது நாமக்கல் சட்டமன்றத் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1952 ஜனவரியில் வந்த தீர்ப்பு, வேட்புமனு நிராகரிப்பும் ‘தேர்தல்’ என்பதற்குள் அடங்கும், அதனால் வாக்குப்பதிவுக்கு முன் நீதிமன்றம் தலையிடாது என்றது. இன்றைக்கும் தேர்தல் வழக்குகளில் முதலில் எடுத்து வைக்கப்படும் தீர்ப்பு அதுதான்.

“2016ல் உள்ளாட்சித் தேர்தலையே உயர் நீதிமன்றம் ரத்து செய்ததே?” என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். அந்த ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி ரத்தானது. ஆனால் அங்கே கேள்வி மொத்த அறிவிப்பாணையைப் பற்றியது. ஒரு வார்டில் ஒருவரின் மனு தள்ளுபடியான விஷயத்தை அதோடு ஒப்பிட முடியாது. அந்த ரத்துக்குப் பிறகு நம் நகராட்சிகளில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். குடிநீர் வரவில்லை என்று சொல்லக்கூட வார்டில் ஒரு உறுப்பினர் இல்லாத அந்த வருடங்களை நான் மறக்கவில்லை.

ஆக, அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே வழி தேர்தல் முடிந்தபின் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு. அதிலும் ஜெயிக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் நிராகரிப்பு சரியானதுதான். அதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

இந்தத் தவறு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வாக்காளர் பட்டியல் இருக்கிறது. அதை வைத்துத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியாகப் பிரித்து உள்ளாட்சிப் பட்டியலைத் தயாரிக்கிறது. பெயர்கள் பெரும்பாலும் அதேதான், ஆனால் பாகமும் வரிசை எண்ணும் வேறாகிவிடும். நம் ஆட்கள் செல்போனில் வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டுத் தேடி, வருகிற பாக எண்ணையும் வரிசை எண்ணையும் அப்படியே மனுவில் எழுதிவிடுகிறார்கள். அது சட்டமன்றப் பட்டியலின் எண். போதாக்குறைக்கு வார்டு மறுவரையறையில் பழைய வார்டு எண்களும் எல்லைகளும் மாறிப்போயிருக்கும். ‘எங்க வார்டு 7’ என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த தெரு இப்போது வேறு எண்ணில் இருக்கலாம்.

எண்ணைத் தப்பாக எழுதியதற்காக மட்டும் ஒரு மனுவைத் தள்ளுவது நியாயமில்லை. அது எழுத்துப் பிழை, ஆள் யார் என்பதில் சந்தேகமில்லை என்றால் திருத்த இடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் தேர்தல் சட்டத்தின் போக்கு. ஆனால் முன்மொழிபவரே வேறு வார்டுக்காரர் என்றால் அது அடிப்படைக் குறை. அதை எந்த அலுவலராலும் மன்னிக்க முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். உள்ளாட்சி வார்டுப் பட்டியல் வெளியானதும் உங்கள் வார்டின் பிரதி ஒன்றைக் கையில் வாங்குங்கள். முன்மொழியப் போகிறவரை உட்கார வைத்து, அவர் பெயரை அந்தத் தாளில் அவரையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சொந்தக்காரர், எதிர் வீடு, பல வருடப் பழக்கம் என்பதெல்லாம் பரிசீலனை மேசையில் செல்லாது.

மனு தாக்கலைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். முதல் நாளே கொடுத்திருந்தால், குறை தெரிந்ததும் வேறு முன்மொழிபவரோடு புது மனு போட்டிருக்கலாம். அந்த அம்மா நல்ல நேரம் பார்த்து, கடைசி நாளான பிப்ரவரி 4ஆம் தேதி போட்டார்.

உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு எல்லாம் கேட்பார்கள். உங்களுக்குப் பொருந்தாத இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுங்கள். காலியாக விடாதீர்கள். விவரம் தராமல் காலியாக விட்ட பத்திரத்தை, நினைவூட்டியும் நிரப்பாவிட்டால், நிராகரிக்கலாம் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல் சம்பந்தப்பட்ட வழக்கு என்றாலும், வார்டுத் தேர்தலில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

வரி பாக்கி இன்னொரு இடறுகல். உள்ளாட்சிக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கு முறையாக நோட்டீஸ் வந்து, கெடுவும் தாண்டியிருந்தால் தகுதி போய்விடும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டையும் முன்கூட்டியே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த உள்ளாட்சியோடு நடப்பில் ஒப்பந்த வேலை வைத்திருப்பவரும் நிற்க முடியாது.

வயது 21 நிறைந்திருந்தால் போதும். டெபாசிட் 2022ல் பேரூராட்சிக்கு 1,000, நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இதில் பாதி. அப்புறம், ‘பொது’ வார்டு என்றால் ஆண்கள் வார்டு என்று நினைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பொது வார்டில் யாரும் நிற்கலாம், பெண்களும் நிற்கலாம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதால் மீதிப் பாதி ஆண்களுக்கு என்று ஆகிவிடாது. இதை என்னிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு போன பெண்களில் இருவர் இன்று உறுப்பினர்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

தோற்றவர்கள் மறக்கிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். செலவுக் கணக்கு. 2022ல் பேரூராட்சி வார்டுக்கு உச்சவரம்பு 17,000 ரூபாய், சென்னை மாநகராட்சி வார்டுக்கு 90,000. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். ஜெயித்தவர் அலுவலகத்துக்குப் போகவர, அங்கே இருப்பவர்கள் ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். தோற்றவர் வீட்டோடு முடங்கிவிடுவார். நோட்டீஸ் வரும், அதையும் பிரிக்காமல் வைத்துவிடுவார். அப்புறம் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்கத் தகுதியில்லை என்று உத்தரவு வரும்.

சுமார் கி.பி. 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர் கல்வெட்டிலேயே, வாரியம் என்ற ஊர்க் குழுவில் உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும், ஓலைச்சீட்டைக் குடத்தில் போட்டு ஆள் எடுக்கும் குடவோலைக்குத் தகுதியில்லை என்று பொறித்திருக்கிறது. இன்றைய விதி உங்களோடு நின்றுவிடுகிறது, சோழர் காலத்து விதி சொந்தபந்தத்தையும் சேர்த்து நிறுத்தியது.

பத்தாயிரம் ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை, என்ன கணக்கு என்று கேட்பீர்கள். அந்தப் பத்தாயிரத்துக்குத்தான். நோட்டீஸ் அடித்த பில், ஆட்டோ வாடகை, ஒலிபெருக்கி, டீச் செலவு வரை தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒப்படைக்கும்போது நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. அந்த அம்மா போன மாதம் மறுபடியும் வந்தார். நாத்தனாரைக் கூட்டி வரவில்லை. தன் வரிசையிலேயே நான்காவது வீட்டில் இருக்கும் ஒரு டீச்சரோடு வந்தார். “புது லிஸ்ட் வந்ததும் இவங்க பேரு எந்த வார்டுல இருக்குன்னு மொதல்ல பாத்துடலாம் சார்” என்றார்.