தலை மட்டும் தப்பிய கிளி

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றின் மார்பு, உரித்த கோழியைப் போல வெறும் தோலாக இருக்கிறது. தொடையிலும் சிறகின் அடியிலும் இறகு இல்லை. தலையில் மட்டும் ஓர் இறகுகூடக் குலையவில்லை. பறவை மருத்துவர் முதலில் பார்ப்பது அந்தத் தலையைத்தான். கிளியின் அலகு உடம்பெங்கும் எட்டும், தன் தலைக்கு எட்டாது. தலை முழுதாக இருந்தால் இறகைப் பிடுங்கியது அந்தக் கிளியேதான். தலையும் மொட்டையென்றால், உடன் வாழும் கிளியையோ, அலகு-இறகு நோயைத் தரும் சர்கோவைரஸையோ சந்தேகிக்க வேண்டும்.

வளர்ந்து முடிந்த இறகு உயிரற்றது. நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது. அது ஊன்றி நிற்கும் குழி அப்படியல்ல. உயிருள்ள தோல், சுற்றிலும் நரம்பு, நுண்ணிய தசை. பிடுங்கினால் வலிக்கத்தான் செய்யும். பிடுங்கிய இடத்தில் உடனே புது இறகு முளைக்கத் தொடங்கும். முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும். மேலே ஓர் உறை மூடியிருக்கும். அந்த உறையைக் கோதி உதிர்ப்பது கிளியின் அன்றாட வேலை. ஏற்கெனவே புண்பட்ட தோலில் இருபது முளைகள் ஒன்றாகக் கிளம்பினால் அலகு அங்கேயே போய் நிற்கும். கோதல் கடியாகும், கடி பிடுங்கலாகும், பிடுங்கல் மறுபடி முளையாகும். முதலில் தூண்டிய காரணம் மறைந்த பிறகும் இந்தச் சுழற்சி தானாக ஓடும்.

அந்த முதல் காரணம் உடம்பில் இருக்கலாம். துத்தநாகம் பூசிய கம்பியைக் கடித்துக் கடித்து உடலில் சேரும் நஞ்சு, தோல் தொற்று, கல்லீரல் கோளாறு, சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று வரும் வைட்டமின் ஏ குறைபாடு எனப் பட்டியல் நீளும். வளர்ப்பவர்கள் பேன் என்று நினைத்துப் பொடி தூவுகிறார்கள். கூண்டுக் கிளிகளில் பேன் காரணமாக இருப்பது அபூர்வம். பொடியால் தோல் இன்னும் எரியும், அவ்வளவே. ரத்தம், எச்சம், தோல் ஆகியவற்றைச் சோதிக்காமல் ‘கிளிக்கு மனக்கவலை’ என்று முடிவு கட்டுவதும் அதே அவசரந்தான்.

சோதனையில் ஒன்றும் அகப்படவில்லையென்றால் அலகைப் பற்றி யோசிக்க வேண்டும். காட்டுக் கிளி தேடுவது, உடைப்பது, உரிப்பது என்று நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரம் உணவோடு மல்லுக்கட்டுகிறது. கிண்ணத்தில் தீவனத்தைக் கொட்டி வைத்தால் அந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கொட்டையை உடைக்கவென்றே உருவான கருவி மீதி நேரம் என்ன செய்யும்? கூண்டுக்குள் இழுத்தால் எதிர்த்து நிற்கும் பொருள் சொந்த இறகு ஒன்றுதான்.

இது வெறும் ஊகமல்ல. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளம் அமேசான் கிளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உணவைத் தேடி எடுக்கும் அமைப்புகளும் ஏறி விளையாடும் பொருள்களும் கிடைத்தன, மற்றதற்கு வெறுங்கூண்டு. 48 வாரங்களில் முதல் பிரிவின் இறகுகள் தெளிவாக நன்றாக இருந்தன. பிறகு வெறுங்கூண்டுக் கிளிகளுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது அவையும் தேறின. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு ஐம்பது இனங்களைச் சேர்ந்த கூண்டுக் கிளிகளை ஒப்பிட்டது. காட்டில் உடைத்து உரித்துத் தின்னவேண்டிய உணவை நம்பி வாழும் இனங்களே இறகை அதிகம் சேதப்படுத்துகின்றன என்று அது காட்டியது. சாம்பல் கிளிக்கோ, இலவசமாகக் கிண்ணத்தில் கிடப்பதை விட்டுவிட்டு உழைத்து எடுக்கும் உணவை நாடும் குணமும் உண்டு. நமக்கு இது விசித்திரம்!

ஆகவே வைத்தியம் பெரும்பாலும் சமையலறைக் குப்பையிலேயே இருக்கிறது. தோலோடு மக்காச்சோளக் கதிர், தேங்காய் மட்டைக்குள் செருகிய நிலக்கடலை, அட்டைப் பெட்டிக்குள் மடித்த முருங்கைக்கீரை, கடித்துத் துப்ப வேப்பங்குச்சி. முதல் நாள் எளிதாக வையுங்கள். புதிய பொருளுக்கு அஞ்சும் கிளி பட்டினி கிடக்கக்கூடும். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் தேவை; தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் கூண்டை வைத்துக்கொண்டு இதைத் தர முடியாது. முதுகைத் தடவிக் கொஞ்சுவதையும் நிறுத்த வேண்டியிருக்கும். கிளியின் உடம்பு அதை இணையின் அழைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. பிடுங்கும்போது ஓடிப்போய் அதட்டாதீர்கள். தனிமையில் இருக்கும் பறவைக்கு அதட்டலும் ஒரு துணைதான். கழுத்துக் கவசம் புண்ணை ஆற்றும், பழக்கத்தை ஆற்றாது. முற்றிய நிலையில் மனிதர்களின் மனச்சோர்வு மருந்துகளையே மருத்துவர் தருவதுண்டு.

பலர் பொறுமை இழப்பது இதற்குப் பிறகுதான். வேரோடு பிடுங்கிய இறகு சில வாரங்களில் திரும்ப வரும். பாதியில் கடித்து நறுக்கிய இறகின் அடிக்கட்டை இன்னும் குழியில் இருப்பதால், அடுத்த இறகுதிர் காலம்வரை அங்கே புதியது முளைக்காது. கிளி பழக்கத்தை விட்டு மாதங்கள் ஆன பின்பும் உடம்பு அப்படியே தெரியும். பல ஆண்டுகள் பிடுங்கித் தழும்பேறிய குழியில் எதுவும் முளைக்காது. அதனால் மார்பைப் பார்த்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள். தினமும் காலையில் கூண்டின் அடித்தட்டில் கிடக்கும் இறகுகளை எண்ணிக் காலண்டரில் குறித்துவையுங்கள். தண்டின் நுனியில் ரத்தம் ஒட்டியிருப்பவை தனிக் கணக்கு.